தும்மல் வருவது தெருவிலிருந்தா, தலையணையிலிருந்தா?

கும்மிடிப்பூண்டியில் என் சித்தி வீட்டு ஜன்னல் கம்பியை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துப்போகும். மறுநாளும் அதே கறுப்பு. இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதே இல்லை.

"எந்திரிச்சதும் பத்துப் பன்னிரண்டு தும்மல். எல்லாம் கம்பெனிப் புகைதான், வேற என்ன?" என்றார் சித்தி.

அப்படி இருக்கலாம். பனிக்கால விடியலில் புகை மேலே எழாமல் தரையோடு படிந்து நிற்கும். ஆனால் இரவெல்லாம் முகம் புதைத்துக் கிடந்த தலையணையை உதறுவதும் அதே நேரத்தில்தான். பழைய இலவம்பஞ்சில் தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. சுமார் கால் மில்லிமீட்டரே உள்ள இவற்றுக்கு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் உணவு. கடலோர ஈரப்பதத்தில் நன்றாகப் பெருகும். ஒவ்வாமை உள்ளவரை இவற்றின் கழிவு தும்ம வைக்கும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காற்றுத்தரம் அளக்கும் சிறு கருவியை வாங்கி வைத்து, எண் குறைவாக இருந்தால் வீட்டுக் காற்று சுத்தம் என்று முடிவு கட்டுகிறார்கள். அது எண்ணுவது மிதக்கும் நுண்துகளை. பூச்சிக் கழிவோ கனமானது. மெத்தையை உதறும்போது எழுந்து, சற்று நேரத்தில் படிந்துவிடும். கருவி பச்சை காட்டும், மூக்கு ஒழுகும்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. சித்தியை மெத்தையை விட்டு, அதே வீட்டின் கூடத்தில் கோரைப்பாயில், கொதிநீரில் அலசிய விரிப்பின் மேல் ஒரு வாரம் படுக்கச் சொன்னேன். தெரு அதே, காற்றும் அதே, படுக்கை மட்டும் வேறு. வேறு எதையும் மாற்றக் கூடாது என்றும் சொன்னேன். காலண்டர் தாளில் தினமும் தும்மலைக் குறித்தார். ஐந்தாம் நாள் மூன்றுதான்.

அடுத்த வாரம், அவருக்கு இரவில் வரும் இருமலுக்காகக் கொசுவர்த்திச் சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டினோம். ஒரு சுருள் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அதனோடு உறங்குகிறோம்! சித்தியின் இரவு இருமல் குறைந்தது. தொண்டைக் கரகரப்பு மட்டும் போகவில்லை.

எனவே வெளித்தூசியையும் சோதிக்க, ஜன்னல் தூசியின் மேல் காகிதம் சுற்றிய காந்தத்தைக் காட்டினேன். கருந்துகள்கள் தாவி ஒட்டின. கடலோர மணலிலும் காந்தத்தில் ஒட்டும் தாது உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து ஆலையைக் குற்றம் சாட்ட மாட்டேன். வெளித்தூசி உள்ளே வருகிறது என்பது மட்டும் உறுதி. ஊரின் அந்தோணிப் பிள்ளை நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளவை நிலையம் இருக்கிறது. அதன் அளவீட்டை 'சமீர்' செயலியில் பார்க்கலாம். 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் வரை நம் நாட்டு வரம்பு அனுமதிக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது 15.

சித்தியின் தும்மலுக்குக் காரணம் பெரும்பாலும் மெத்தைதான், அதை மாற்றியாயிற்று. ஜன்னல் கறுப்புக்கு மெத்தை பொறுப்பல்ல. உங்கள் வீட்டிலும் இப்படியென்றால் தும்மலைத் தேதியிட்டுக் குறியுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்; தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஜன்னல் தூசிக்கும் அப்படியே நாள்கணக்கு எழுதி, படமெடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.