கத்தரிக்கு வேலையில்லாத பாவாடை

நவராத்திரி மாலைகளில் மும்பைத் தெருக்களில் இரண்டு வகைப் பாவாடைகளைப் பார்க்கலாம். கர்பா ஆடக் கிளம்பும் பெண்களின் காக்ராவில், மேலே குறுகிக் கீழே அகலும் துண்டுகளை வெட்டி இணைப்பார்கள். சுழன்றால் குடையாய் விரியும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு பார்க்கப் போகும் சிறுமிகளின் பட்டுப் பாவாடையிலோ கத்தரிக்கு வேலையே குறைவு.

அது வெறும் நீள்சதுரத் துணிதான். துணியின் அகலம் பாவாடையின் உயரமாகிறது, நீளம் சுற்றளவாகிறது. ஓரத்தில் ஓடும் ஜரிகைக் கரை தானாகவே கணுக்காலில் வந்து அமர்ந்துவிடும். மேல் ஓரத்தைக் கொசுவி இடுப்புப் பட்டியில் தைத்துவிடுவார்கள். உயரம் மிஞ்சினால் வெட்டாமல் உள்பக்கம் ‘டக்’ பிடிப்பார்கள். குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். சின்னக் குழந்தைகளுக்குப் பருத்தி ‘பாடி’ சேர்த்துத் தைத்தால், பட்டின் கனத்தைத் தோள் தாங்கிக்கொள்ளும்.

ஆக, அழகு முழுவதும் தறியிலேயே முடிவாகிறது. காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் கிளிப்பச்சைக்கு அரக்குக் கரை போட்டாலும் நிறங்கள் கலங்காமல் பளிச்சென்று பிரிந்து நிற்கின்றன.

வாங்கும்போது அந்தச் சந்திப்பைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓர் இழையைச் சுரண்டிச் சிவப்பு தெரியாவிட்டால் சந்தேகப்படலாம். மத்தியப் பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ முத்திரை பட்டுக்கு மட்டுமே உறுதி, ஜரிகைக்கு அல்ல.

பெரியவர்களுக்கு அம்மாவின் பழைய பட்டுச் சேலையே போதும். அகலம் சுமார் 48 அங்குலம் இருக்கும். மேல் கரையை மட்டும் வெட்டியெடுத்து இடுப்புப் பட்டியாக்கிவிட்டால் உயரமும் சரியாகும். ஐந்தரை மீட்டரையும் கொசுவினால் இடுப்பு தடித்துத் தெரியும். மூன்று, மூன்றரை மீட்டரில் நிறுத்தி, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கலாம். பாவாடையே ஆர்ப்பாட்டமாக இருப்பதால் மேலே வெள்ளைப் பருத்திச் சட்டை அல்லது கரையின் நிறத்தில் வேலைப்பாடில்லாத ரவிக்கை எடுபடும். கழுத்து வெறுமையாக இருக்கலாம், ஜிமிக்கி போதும்.

மும்பை மழைக்காலத்தின் ஈரக்காற்றில் வெள்ளி ஜரிகை சீக்கிரம் கறுக்கும். சென்ட்டை ஜரிகைமேல் அடிக்க வேண்டாம். பாவாடையைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் இழை முறியாது.