காய்க்க 10 வருஷம்... ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை! காஷ்மீர் வீட்டு வாசல்களில் நிற்கும் வால்நட் மரங்கள்

செப்டம்பர் பிறந்தால் காஷ்மீர் கிராமங்களில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். உயரத்தில் இலைகளுக்கு நடுவே கழி படும் சத்தம். அடுத்த நொடி, பச்சைக் காய்கள் சடசடவெனத் தரையில் விழும். வால்நட் அறுவடை!

நம் மளிகைக் கடைகளில் அக்ரூட் என்றும் கேட்டு வாங்குகிறோமே, அதே பருப்புதான். காஷ்மீரி மொழியில் இதற்கு 'டூன்' என்று பெயர். இந்தியாவில் விளையும் வால்நட்டில் 90 சதவிகிதத்துக்கு மேல் ஜம்மு காஷ்மீரிலிருந்துதான் வருகிறது. ஆனால், ஏக்கர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் தோட்டங்களை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு முற்றம், வயல் வரப்பு, மலைச்சரிவு எனக் கிடைத்த இடத்தில் ஒன்றிரண்டு மரங்கள். குப்வாரா, அனந்த்நாக் பக்கம் பல குடும்பங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கையில் பணம் வருவது இந்த மரங்களால்தான்.

அந்தப் பணத்துக்காக உயிரையே பணயம் வைக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சோகம்.

பழைய மரங்கள் எல்லாம் விதையிலிருந்து முளைத்தவை. 60, 70 அடி உயரத்துக்குச் சாதாரணமாக வளர்ந்துவிடும். காய்கள் பெரும்பாலும் கிளைகளின் நுனியில் இருக்கும். ஆண்கள் ஏறி, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீளமான கழியை வீசித் தட்டுவார்கள். இடுப்பில் கயிறு கிடையாது. மழை பெய்திருந்தால் பட்டை வழுக்கும். ஒவ்வொரு சீசனிலும் விழுந்து இறப்பவர்கள் உண்டு. பிழைத்தவர்களில் பலருக்கு முதுகெலும்பு முறிவு. சிலர் மறுபடி எழுந்து நடப்பதே இல்லை. அங்குள்ள எலும்பு மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் ஆய்வுக் கட்டுரை எழுதும் அளவுக்கு இது ஆண்டுதோறும் நடக்கிறது. நம்மூர் பனையேறிகளின் குடும்பங்களுக்கு இந்தப் பயம் நன்றாகப் புரியும்.

'தானாக விழும்வரை காத்திருந்து பொறுக்கினால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். ஒரு மரத்துக் காய்கள் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. பச்சைத்தோல் வெடித்த பிறகும் விட்டுவைத்தால் உள்ளே பருப்பு கறுத்துவிடும். வெளிர்நிறப் பருப்புக்குத்தான் சந்தையில் விலை. அதனால்தான் ஏறுகிறார்கள்.

கீழே விழுந்த காய் வீட்டுக்குள் வந்ததும் பெண்களின் வேலை ஆரம்பம். பச்சைத்தோலை உரித்து, கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். தோலின் சாறு கையில் ஏறினால் கருமை போக நாள்கணக்கில் ஆகும். சோப்புக்கெல்லாம் மசியாது! ஓட்டை வைத்துத் தரம் பிரிப்பார்கள். விரலால் அழுத்தினாலே உடையும் மெல்லிய ஓடு 'காகஸி'. பெயரிலேயே காகிதம் இருக்கிறது, பாருங்கள். அதுதான் விலை அதிகம். காஷ்மீரி பண்டிட்டுகள் சிவராத்திரியை 'ஹேரத்' என்று கொண்டாடுவார்கள். பூஜைப் பானையில் தண்ணீர் ஊற்றி வால்நட்டை ஊறவைத்து, பிறகு அதையே பிரசாதமாக உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பகிர்வது வழக்கம்.

வீட்டில் எப்படி வளர்க்கிறார்கள்?

விதை போட்டால் காய்ப்பதற்கு 10 வருஷம், சில சமயம் அதற்கும் மேல். தாய்மரத்தின் குணம் அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று என்றால் 4, 5 வருடங்களிலேயே காய் பார்க்கலாம். மரம் தூங்கும் குளிர்காலத்தின் கடைசியில், ஆணிவேர் தாராளமாக இறங்கும் ஆழத்தில் குழி எடுத்து நடுகிறார்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதேசமயம் காய் பருக்கும் கோடையில் வறட்சி விட்டால் பருப்பு சுருங்கிப்போகும்.

ஒரே மரத்தில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. மகரந்தம் காற்றில்தான் வரவேண்டும். அதனால் ஒற்றை மரம் வைப்பவர்கள், பக்கத்து வீட்டில் வேறு ரக மரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வசந்தத்தில் பூக்கும் நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த வருட விளைச்சல் காலி.

கிளை கழிப்பதிலும் கவனம் தேவை. தளிர்விடும் பருவத்தில் வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து சாறு வடிந்துகொண்டே இருக்கும். அறுவடை முடிந்து இலையுதிர்வதற்குள் செய்வது பாதுகாப்பு. இன்னொரு விஷயம், இந்த மரத்தின் வேரிலும் இலையிலும் ஜுக்லோன் என்ற பொருள் உண்டு. கறுப்பு வால்நட் அளவுக்கு இதில் வீரியம் இல்லை என்றாலும், மரத்தடியில் தக்காளிச் செடி வைப்பது வீண்வேலை.

நம் ஊரில் வருமா?

வராது. குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் இருந்தால்தான் இந்த மரம் ஒழுங்காக மொட்டுவிடும். சென்னையிலோ மதுரையிலோ அது நடக்கிற காரியமில்லை. 'எந்த ஊரிலும் வளரும், தொட்டியிலும் காய்க்கும்' என்று யாராவது கன்று விற்றால், அந்தக் காசுக்கு அரைக் கிலோ பருப்பு வாங்கிச் சாப்பிடலாம்.

குட்டை மரம் தீர்வாகுமா?

உயரமான மரங்களை மாற்றுவதுதான் விபத்துக்கு வழி என்று தோட்டக்கலைத் துறையினர் சொல்கிறார்கள். ஸ்ரீநகரில் இருக்கும் மத்திய மிதவெப்ப மண்டலத் தோட்டக்கலை நிறுவனம் தன் பெயரிலேயே பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1979-ல் வெளியான 'சாண்ட்லர்' ரகமும் அங்கே வந்துவிட்டது. பக்கக் கிளைகளிலும் காய்ப்பதால் மரத்தைக் கழித்து, கைக்கு எட்டும் உயரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல், கன்றில் இருக்கிறது. வால்நட்டில் ஒட்டுக்கட்டுவது மா, ஆப்பிள் போல சுலபமல்ல. ஒட்டு கூடுவதற்கு 25 டிகிரிக்கு மேல் சீரான கதகதப்பு வேண்டும். காஷ்மீர் குளிரில் பசுமைக்குடில் இல்லாமல் முடியாது. பழைய மரத்தை நினைத்தவுடன் வெட்டவும் முடியாது. மரச்சிற்ப வேலைக்கு வால்நட் மரத்துக்கு அவ்வளவு கிராக்கி என்பதால், சொந்த நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 1969-ம் ஆண்டுச் சட்டம்.

ஆக, இன்று ஒட்டுக்கன்று நடும் குடும்பமும் அது காய்க்கும்வரை பழைய மரத்தை நம்பித்தான் இருக்க வேண்டும். இடுப்புக்குப் பாதுகாப்பு பெல்ட், மரத்தடியில் வலை, மழை நாளில் ஏறாமல் இருப்பது ஆகிய மூன்றும்தான் இப்போதைக்கு அவர்கள் கையில் இருப்பவை.