சாந்திவனத்துக்குத் தலைவர் எப்படி வருகிறார்?

எங்க கூட்டேரிப்பட்டுப் பக்கம் மடம் என்றாலே மயிலம் பொம்மபுர ஆதீனம்தான் நினைவுக்கு வரும். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற சைவ ஆதீனங்களில், இருக்கிற சன்னிதானமே அடுத்தவரைத் தேர்ந்து இளைய பட்டம் கட்டுவது வழக்கம். கிறிஸ்தவத் துறவிகளிடம் இது எப்படி நடக்குதுன்னு தேடப்போய்ச் சிக்கியது சாந்திவனம். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் இருக்கும் பெனடிக்டின் ஆசிரமம்.

முதலில் பெனடிக்ட். 6-ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர். நம்ம ஊர் கத்தோலிக்கருக்கு ஆசீர்வாதப்பர். அவர் எழுதிய ஒழுங்கு நூலில் 73 அத்தியாயங்கள். தூக்கம், சாப்பாடு, ஒருவருக்கு எவ்வளவு ஒயின் என்பது வரை இருக்கு. எனக்குப் பிடித்தது தலைமை பற்றிய பகுதி. தலைவரைத் துறவிகளே தேர்ந்தெடுக்கணும். வரிசையில் கடைசியாக இருப்பவரும் தலைவராகலாம். முக்கியமான விஷயம் என்றால் எல்லாரையும் கூட்டிக் கேட்கணும், ஏன்னா சரியான வழி சின்னவருக்கே தெரியவரலாம். ஆனா கேட்டபின் முடிவு தலைவருடையது. அதற்குக் கடவுளிடம் கணக்குச் சொல்லவேண்டியவரும் அவரே. மூப்பு வயதால் இல்லை, சேர்ந்த நேரத்தால். காலையில் சேர்ந்த இருபது வயதுக்காரர், மதியம் சேர்ந்த அறுபது வயதுக்காரருக்கு மூத்தவர். (கம்பெனியில் எம்ப்ளாயி நம்பர் மாதிரின்னு வைச்சுக்கோங்க.)

இதெல்லாம் நடக்க ஆட்கள் வேணும். சாந்திவனத்தில் அதுதான் அமையல. 1950-ல் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்: ஜூல் மொன்ஷானென், ஆன்றி லெ சோ. காவி உடுத்தினார்கள், சைவம் சாப்பிட்டார்கள். லெ சோ 'அபிஷிக்தானந்தா' ஆனார். சேர வந்தவர்கள் நிலைக்கவில்லை. மொன்ஷானென் 1957-ல் இறந்தார். லெ சோவின் மனசு திருவண்ணாமலைக் குகையிலும் இமயமலையிலும் இருந்தது. 1968-ல் உத்தரகாசிக்கே போய்விட்டார். பதினெட்டு வருஷத்தில் தேர்ந்தெடுக்க ஒரு சமூகமே உருவாகலை.

அதே 1968-ல் கேரளத்துக் குருசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து பொறுப்பேற்றார். தனியாக வரவில்லை, கூட இரண்டு துறவிகள். இது சின்ன விஷயமாத் தெரியலாம், ஆனா என் கணிப்பில் இடம் பிழைத்தது இதனால்தான். மெல்ல இந்தியத் துறவிகள் சேர்ந்தார்கள்.

அப்புறம் வேறொரு சிக்கல். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பலரும் பீடைத் தேடி, குருவாக நினைத்து வந்தார்கள். குரு போனால் ஆசிரமம் என்னாகும்? 1980-களில் சாந்திவனம், பெனடிக்டின் மரபின் ஒரு கிளையான கமால்டோலி சபையோடு இணைந்தது. ஆசிரமத்தை நடத்துபவருக்கு அதில் 'பிரியர்' என்று பெயர். குருவைப் போல அல்ல, ஒருவர் போனால் இன்னொருவர் வரும் பதவி அது.

பீட் 1993-ல் அங்கேயே இறந்தார். துறவிகள் கலைந்துபோகவில்லை, பொறுப்பு இந்தியத் துறவிகளின் கைக்குப் போனது.