கல் சிலைக்குப் பக்கத்தில் தையல் மிஷின்!

பெயர் புதுமண்டபம். ஆனால் வயதோ 300-க்கு மேல்!

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிறது, இந்த மண்டபம். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த விழாவுக்காகக் கட்டியது. தூண்களில் நாயக்க மன்னர்கள் சிலையாக நிற்கிறார்கள்.

அந்தச் சிலைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் ஒரு கடைவீதியே நடந்தது! பித்தளைப் பாத்திரம், வளையல், குங்குமம், புத்தகம் எல்லாம் கிடைத்தன. தூணோரம் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடின.

சித்திரைத் திருவிழா வந்தால் தையல்காரர்களுக்குத் தூக்கம் ஏது? அழகருக்கு வேண்டிக்கொண்டவர்கள் அணியும் உடைகளை அவர்கள்தான் தைத்துக் கொடுத்தார்கள்.

பாரிஸ் நகருக்குப் போகிறவர்கள், பக்கத்தில் செயின்ட்-உவான் என்ற ஊரில் உள்ள பழம்பொருள் சந்தையைத் தேடிப் போவார்கள். மதுரைக்கு வந்த வெள்ளைக்காரர்களோ, புதுமண்டபத்தைத் தேடி வந்து சட்டைக்கு அளவு கொடுத்தார்கள்!

2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு, கோவிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. கல் மண்டபமும் சேதம் அடைந்தது.

பிறகு புதுமண்டபக் கடைகளும் இடம் மாற நேர்ந்தது. அருகே குன்னத்தூர் சத்திரத்தில் எழுந்த புதிய கட்டிடத்துக்குப் போயின.

கலைச் செல்வத்தைக் காக்க வேண்டியதுதான். ஆனால் வியாபாரிகளுக்கு ஒரு கவலை. மண்டபத்தைப் பார்க்க வந்தவர்கள் கடைக்கும் வந்தார்கள். இனி தேடி வரவேண்டுமே!

அந்தக் கவலையைத் தீர்ப்பது நம் கையில் இருக்கிறது. மதுரைக்குப் போனால் அம்மனைத் தரிசியுங்கள். அப்படியே, மிஷின் சத்தம் கேட்கும் இடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்!