கிரைண்டர் ‘கடித்தால்’ என்ன செய்வது?

“மாவு ஆட்டும்போது கிரைண்டர் லேசாகக் கடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரிவதில்லை.”

நம்மவர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. இதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை. மழை பெய்தால் ஜன்னல் ஓரம் நனைகிறது என்பதுபோல, சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், 1994-ம் ஆண்டு நவம்பர் மாதம் வரை.

அந்தக் கதைக்கு வருமுன் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தில்லியில் நாங்கள் அப்போது குடியிருந்த இடத்தில், காலைப் பலகாரம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஐந்தாறு பேர் கூடுவோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பள்ளியில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர், வங்கிக்காரர்கள் இருவர், அரசாங்க குமாஸ்தாவாகிய அடியேன். ஒருவரும் தொழில்முறை எலக்ட்ரீஷியன் அல்ல. அவரவர் வீட்டில் கழன்றதையும் ஒழுகுவதையும் எடுத்துக்கொண்டு வருவோம். கதவுக் கீலின் திருகாணி பிடிக்காமல் சுற்றுகிறதா? ஓட்டையில் பசை தடவிய தீக்குச்சி இரண்டைச் செருகி, காய்ந்தபின் முறுக்கு. சின்ன ஆணியைப் பிடித்தால் விரலில் அடி விழுகிறதா? பழைய சீப்பின் பல்லிடுக்கில் ஆணியை நிறுத்தி அடி. குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டதா? சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டால் ஆறு மாதத் தலைமுடியும் ஒரே சுருளாக வந்துவிடும்.

பெரியவரின் துணிப்பை ஓர் அதிசயப் பை. பல் வைத்தியர் வாயைப் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்று அதில் இருக்கும். வாஷ்பேசினுக்குப் பின்னால் எந்த மரையில் நீர் கசிகிறது என்று பார்க்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. மிக்ஸியில் சத்தம் வந்தால் நீளமான திருப்புளியின் நுனியை மோட்டார் கூட்டின்மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார். பேரிங் தேய்ந்திருந்தால் கரகரவென்று தனியாகக் கேட்கும்.

திருப்புளி என்றதும் நினைவு வருகிறது. இங்கே கடையில் போய் அப்படிக் கேட்க முடியுமா? பேச்கஸ் என்று கேட்க வேண்டும். குறடு இங்கே ப்ளாஸ், அரம் ரேத்தி, ரம்பம் ஆரி. நான் தில்லிக்கு வந்த புதிதில் அரம் வாங்கப் போய், கையால் தேய்த்துத் தேய்த்து அபிநயம் பிடித்து, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த உப்புத்தாளோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

இனி கிரைண்டருக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக் கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்தது. இரண்டு பேர் தூக்க வேண்டிய பழைய மாடல். 1992-ல் அது கடிக்க ஆரம்பித்தது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தோம். ஸ்விட்ச் போர்டைத் திறந்தார், ஏதோ செய்தார், ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டார். அன்றிலிருந்து கடி அறவே நின்றுவிட்டது. மனிதர் கைராசிக்காரர் என்று புகழ்ந்து காப்பி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, அந்த நவம்பரில் ஒருநாள், பாதி மாவில் கிரைண்டர் நின்றுவிட்டது. என்னவென்று பார்க்க என் மனைவி ஈரக்கையோடு அதன் விளிம்பைப் பிடித்தார். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது எதிர்ச் சுவர் ஓரமாக விழுந்து கிடந்தார். மின்சாரம் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் தள்ளிவிட்டது எங்கள் பூர்வ புண்ணியம். உள்ளங்கையில் ஒரு வெந்த தழும்பு, இன்றும் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு பெரியவரும் ஆசிரியரும் மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிளக் பாயிண்ட்டைத் திறந்தார்கள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கம்பித் துண்டு. ஒரு முனை எர்த் திருகில், மறுமுனை நியூட்ரல் திருகில். எங்கள் சமையலறைக்கு எர்த் கம்பியே வரவில்லை. கைராசிக்காரர் செய்தது அவ்வளவுதான்: கிரைண்டர் உடம்பை நியூட்ரலோடு முடிந்து வைத்திருந்தார்.

இதில் என்ன கோளாறு என்பதை ஆசிரியர் தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டு விளக்கினார். மின்சாரம் பேஸ் கம்பியில் வந்து, மோட்டாரின் செப்புச் சுருள் வழியாகச் சென்று, நியூட்ரலில் திரும்பிப் போகிறது. மாவு நீர் இறங்கியோ, வயதாகியோ சுருளின் காப்பு பலவீனப்பட்டால், கொஞ்சம் மின்சாரம் இரும்பு உடம்புக்குக் கசிகிறது. நாம் தொட்டால் நம் வழியாகத் தரைக்குப் போகிறது. அதுதான் ‘கடி’. எர்த் கம்பி இருந்தால் கசிவு அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் கசிவு நியூட்ரலில் கலந்துகொண்டிருந்தது. ஆகவே கடி தெரியவில்லை. ஆனால் வருகிற நியூட்ரல் கம்பியின் திருகு நாளடைவில் தளர்ந்து, கம்பி கழன்றுகொண்டது. மோட்டார் நின்றது. பேஸில் வந்த மின்சாரமோ சுருளைக் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அந்தப் பச்சைத் துண்டின் வழியாகக் கிரைண்டர் உடம்பில் வந்து காத்துக்கொண்டிருந்தது. ஓடும்போது கடிக்காத கிரைண்டர், நின்றபின் கொல்லப் பார்த்தது.

சமையலறைப் பாயிண்ட்டில் எர்த் கம்பி இல்லாவிட்டால் ‘லோக்கல் எர்த்’ என்ற பெயரில் இந்த வைத்தியத்தைச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எர்த்தைத் தண்ணீர்க் குழாயில் கட்டுவது இன்னொரு பழைய பழக்கம். இரும்புக் குழாய் என்றால் அடுத்த வீட்டுக்காரர் குளிக்கும்போது அவருக்கு அடிக்கும்; இப்போதைய பிளாஸ்டிக் குழாய் என்றால் ஒரு பயனும் இல்லை. இரண்டையும் செய்ய விடாதீர்கள்.

“ஃபியூஸ் போயிருக்க வேண்டாமா?” என்று வங்கிக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. ஃபியூஸும், இன்று அதன் இடத்தில் இருக்கும் எம்.சி.பி.யும் கம்பியைக் காப்பவை. மனிதனைக் காப்பவை அல்ல. மின்சாரம் 1 மில்லியாம்பியர் அளவில் உடலில் பாய்ந்தால் சுருக்கென்று உணர்கிறோம். 10 மில்லியாம்பியருக்கு மேல் போனால் தசை இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். 30 மில்லியாம்பியரைத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லியாம்பியர். ஓர் ஆள் சாகும் அளவு மின்சாரம் அதன் கணக்கில் சில்லறை.

அடுத்தது டெஸ்டர். நம் எல்லோர் வீட்டிலும் இருப்பது இதுதான். நாம் மிகையாக நம்புவதும் இதைத்தான். அதனுள்ளே ஒரு சிறு நியான் விளக்கும், மின்சாரத்தை மிகமிகக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கின்றன. எரிய அதற்குத் துளி மின்சாரம் போதும். ஆகவே எர்த் இல்லாத ஃபிரிஜ் உடம்பில் வைத்தால், அற்பக் கசிவுக்கும் எரியும், அபாயக் கசிவுக்கும் அதே மாதிரி எரியும். எரியாவிட்டால் ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. நாம் மரப்பலகைமேல் நின்றாலோ, பகல் வெளிச்சத்திலோ அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அது உறுதியாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. பிளக் பாயிண்ட்டில் பொருள் ஒன்றைச் செருகி ஸ்விட்சைப் போட்டும் அது ஓடாமல், பேஸ், நியூட்ரல் இரண்டிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. உடனே மெயினை அணையுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்கப் பெரியவர் அந்தக் காலத்தில் ஹோல்டரில் 100 வாட் பல்பு போட்டு, இரண்டு கம்பி நீட்டிய சோதனை விளக்கை வைத்திருந்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் எரிவது போலவே பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் பளிச்சென்று எரிந்தால் எர்த் உண்டு என்று பொருள். பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்றும் செய்வார்கள். ஆனால் நீங்கள் செய்ய வேண்டாம், காரணம் சொல்கிறேன். எர்த் கம்பி வழியில் அறுந்திருந்தால், அந்தப் பல்பு வழியாகப் போகும் பேஸ் மின்சாரம் அதே கம்பியில் இணைந்த ஃபிரிஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஏறி நிற்கும். கூடத்தில் நீங்கள் சோதனை செய்ய, சமையலறையில் இருப்பவருக்கு அடிக்கும்.

அதைவிட இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் உத்தமம். மாற்று மின்னோட்ட வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் சுமார் 230 வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதுவே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். பேஸ்-எர்த் அளவு எண்பது, நூறு என்று எங்கோ நடுவில் ஊசலாடினால் எர்த் கம்பி எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. நியூட்ரல்-எர்த் அளவு அசையாமல் பூஜ்யமாகவே இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பச்சைத் துண்டு போல ஒன்று உள்ளே இருக்கிறதா என்று போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் தரைத்தளத்தில் இருந்ததால் பின்பக்கத் தோட்டத்தில் மூன்று ஞாயிறு குழி தோண்டினோம். இரண்டரை மீட்டர் துத்தநாகம் பூசிய குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். போர்டில் இணைப்பது மட்டும் லைசென்ஸ் உள்ளவர் கையால் நடந்தது. அந்த விஷயத்தில் பெரியவர் கண்டிப்பு.

அடுக்குமாடியில், அதுவும் வாடகைக்கு இருப்பவர்கள் குழி தோண்ட முடியாது. அவர்களுக்கு ஆர்.சி.சி.பி. என்ற சாதனம். பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று இது ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லியாம்பியர் வந்தால், எங்கோ கசிகிறது என்று அறிந்து, கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். ஒரே வேறுபாடு, எர்த் இருந்தால் கசிந்தவுடனே விழும், இல்லாவிட்டால் யாராவது தொட்டபின்தான் விழும். சுவரை உடைக்க வேண்டியதில்லை. மெயின் பெட்டியில் இரட்டை ஸ்விட்ச் இருக்கும் அதே அகலத்தில் பெரும்பாலும் இது உட்கார்ந்துவிடும். சாந்தினி சௌக்கில் பாகீரத் பேலஸ் மின்சாமான் சந்தைக்குப் போகிறவர்கள் 30 மில்லியாம்பியர் என்று அழுத்திக் கேளுங்கள். 100, 300 என்றும் தருவார்கள், அவை ஆளைக் காப்பாற்றா. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. உள்ள வீடுகளுக்கு ‘டைப் ஏ’ என்ற ரகம் மேல்.

மாட்டியவுடன் அடிக்கடி விழுந்தால் சாதனம் கெட்டது என்று கழற்றிவிடாதீர்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரல் வேறு வழியில் கலந்திருக்கலாம், பழைய பச்சைத் துண்டு எங்காவது ஒளிந்திருக்கலாம், கீசர் கசியலாம். அது விழுவதே அதைக் கண்டுபிடிக்கத்தான். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொடுகிறவரை மட்டும் அதனாலும் காப்பாற்ற இயலாது. அந்த மனிதர் அதற்கு ஒரு பல்பு மாதிரிதான்.

குளிர்காலம் வருகிறது, வாளியில் போடும் இமர்ஷன் ராடைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் இருந்தவரை நமக்கு அது தேவைப்பட்டதில்லை. ஆகவே பழக்கமும் இல்லை. 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் எடுக்கும்; சின்னப் பாயிண்ட்டில் மாற்றுப் பிளக் போட்டுச் செருகினால் பாயிண்ட் உருகும். குழாயில் விரிசல் விழுந்து நீர் உள்ளே போனால் வாளித் தண்ணீர் முழுவதும் மின்சாரம். சூடாகிவிட்டதா என்று ஒருபோதும் விரலை விட்டுப் பார்க்கக் கூடாது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவியபின்தான். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின், அது எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் மனைவியின் பொறுப்பு. எனக்கு அந்த வேலையைக் கொடுக்க அவர் சம்மதிப்பதில்லை. பழைய கிரைண்டரை மோட்டார் மாற்றி இன்னும் பதினோரு வருடம் ஓட்டினோம். இப்போது மேஜைமேல் வைக்கும் சிறியதுதான். பழையதின் குழவிக்கல் மட்டும் பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.