புதிய திணைக்களமும் குத்தகைக் கமக்காரரும்

பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பகுதியில் பிறர் வயலைக் குத்தகைக்குச் செய்வோர், அரசாங்கத் திணைக்களம் ஒன்று அமைக்கப்பட்ட வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. ஒரு திணைக்களத்திற்குப் பணி, சட்டம், கிராமத்தில் அதனை நிறைவேற்றுவோர் ஆகிய மூன்றும் ஒருங்கே திட்டமிடப்படல் வேண்டும்.

1957 ஆம் ஆண்டு கமநல சேவைகள் திணைக்களம் நிறுவப்பட்டது. அமைச்சர் பிலிப் குணவர்த்தனவின் முயற்சியால் 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் நிறைவேறிற்று. குத்தகையுரிமை நிலையானது என்றும், வாரிசுக்குச் செல்லும் என்றும் அது விதித்தது. கமக்காரர் தெரிந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கும் அது வழிவகுத்தது.

ஆயினும், சட்டம் எல்லா மாவட்டங்களிலும் ஒரே வேளையில் நடைமுறைக்கு வரவில்லை. காணிச் சொந்தக்காரர் பலர் குத்தகையாளரை வெளியேற்றினர். உழுதவர் பெயர் எழுத்தில் இல்லாதவிடத்து உரிமையை நிலைநாட்டல் அரிதாயிற்று. திணைக்களம் இருந்தும் பதிவு முந்தாமையால் விளைந்த இழப்பு இது.

இன்று இவ்வுரிமை 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் அடங்கும். ஆகவே, வயல் செய்வோர் தம் பெயர் விவசாயக் காணி இடாப்பில் உள்ளதா எனக் கமநல சேவை நிலையத்தில் பார்த்துக்கொள்க. இப்பாதுகாப்பு நெற்காணிக் குத்தகைக்கே உரியது. மரக்கறிக்குக் காணி எடுப்போர் எழுத்துமூல உடன்படிக்கை செய்துகொள்ளல் நலம்.