காகித ஆலையில் நொதிகளின் பணி

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

நீங்கள் புரட்டிக் கொண்டிருக்கும் இம்மலரின் ஒவ்வொரு தாளும் முன்பு நீரில் மிதந்த நாராக இருந்தது. அந்த நார் தாளாக மாறுவதற்கு ஒரு துணி உதவுகிறது. அத்துணியைத் தூய்மையாக வைத்திருக்க நம் வயிற்றில் உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளின் இனமே உதவுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

காகித இயந்திரத்தில் விடப்படும் கூழில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீரே. ஓடும் வலையின் மேல் கூழ் பரவும்போது நீரின் பெரும்பகுதி வடிந்துவிடும். அப்படியும் ஈரத்தாளின் எடையில் சுமார் 80 விழுக்காடு நீர் எஞ்சியிருக்கும். பிறகு அத்தாள் கனத்த உருளைகளுக்கிடையே பிழியப்படுகிறது. அப்போது தாளோடு சேர்ந்து சென்று நீரை உறிஞ்சிக் கொள்வதே ‘ஃபெல்ட்’ என்னும் தடித்த துணி. முற்காலத்தில் இதை ஆட்டு உரோமத்தால் செய்தனர். இன்று பெரும்பாலும் நைலானால் செய்கின்றனர். இது வளையம்போல் ஓயாமல் சுற்றிக் கொண்டே இருக்கும்.

மீந்த நீரை நீராவியால் சூடாக்கிய உருளைகள் உலர்த்துகின்றன. நன்றாகப் பிழியாத சேலை கொடியில் காய எவ்வளவு நேரமாகும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். பிழிந்து வரும் தாளின் உலர்வு 1 விழுக்காடு கூடினால் நீராவிச் செலவு ஏறத்தாழ 4 விழுக்காடு குறையும் என்பது ஆலைகளில் வழங்கும் கணக்கு. நீராவி குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும்; புகையும் குறையும்.

ஆனால் இந்தத் துணியின் நுண்ணிய துளைகளில் பலவகை அழுக்குகள் அடைத்துக் கொள்கின்றன. மரத்திலிருந்து வரும் பிசின், தாளுக்கு வலுவூட்டச் சேர்க்கும் மாவுப்பசை, பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வழுவழுப்பான படிவு, பழைய காகிதத்தோடு வரும் கோந்து ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. துளைகள் அடைபட்டால் நீர் சரியாக இறங்காது. தாளில் கறையும் ஓட்டையும் விழும். சில வேளைகளில் தாள் அறுந்து இயந்திரத்தையே நிறுத்த நேரிடும்.

இவற்றை நீக்க எரிசோடா, அமிலம், கரைப்பான்கள் போன்றவற்றைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். எரிசோடா தொழிலாளரின் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கடும் அமிலம் நைலான் இழையைக் கெடுக்கும். இவையெல்லாம் கழிவுநீரோடு கலப்பதால் அந்நீரைச் சுத்திகரிக்கும் வேலையும் பெருகும்.

இங்குதான் நொதிகள் துணைக்கு வருகின்றன. 1833-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்கள் பாயென், பெர்சோ இருவரும் முளைகட்டிய தானியத்திலிருந்து மாவுச்சத்தைச் சிதைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவதுபோல ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளின் மீதே செயல்படும் என்று 1894-இல் எமில் ஃபிஷர் விளக்கினார். அமைலேஸ் மாவுப்பசையைச் சர்க்கரைகளாக உடைக்கிறது. லிப்பேஸ் பிசினிலுள்ள கொழுப்பைக் கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிக்கிறது. எஸ்டரேஸ் பாலிவினைல் அசிட்டேட் என்னும் கோந்தின் ஒட்டும் தன்மையைக் குறைக்கிறது.

ஜப்பானில் பைன் மரக்கூழிலுள்ள பிசினை லிப்பேஸால் கட்டுப்படுத்தும் முறை 1990-ஆம் ஆண்டளவில் ஆலைகளில் நடைமுறைக்கு வந்தது. அங்கே நொதியைக் கூழிலேயே கலந்தனர். துணியைக் காக்கும் முறையிலோ, நொதிக் கரைசல் சுற்றிவரும் ஃபெல்ட்டின் மீது சிறிது சிறிதாகத் தெளிக்கப்படுகிறது. நொதி பிளந்த அழுக்கை நீர்த் தாரை கழுவிவிட, உறிஞ்சும் பெட்டி அதை இழுத்துக் கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்த வேண்டியதில்லை.

நொதிகளுக்கும் எல்லைகள் உண்டு. வெப்பம் மிகுந்தால், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல அவை இயல்பு மாறிச் செயலிழக்கும். நீரின் அமில, காரத் தன்மையும் ஏற்றதாக இருக்க வேண்டும். களிமண், சுண்ணாம்புப் படிவுகளை அவை தொடா. லிப்பேஸ் பிரித்த கொழுப்பு அமிலங்கள் கடின நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தால், நம் வாளியில் படியும் சோப்புத் திரைபோல் மீண்டும் படிந்துவிடும். ஆகவே அழுக்கு எதுவென்று முதலில் சோதித்தறிந்த பிறகே தக்க நொதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோயறிந்து மருந்து கொடுப்பது போன்றதே இதுவும்.

தோழியரே! ஆண்டு முடிவில் நாம் எடைக்குப் போடும் நோட்டுப் புத்தகங்களும் மீண்டும் கூழாகலாம். அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் ஒட்டிய லேபிள்களையும் நாம் முன்பே நீக்கிவிட்டால் ஆலைத் தொழிலாளரின் சுமை சிறிது குறையும். கண்ணுக்குப் புலனாகாத பொருளிலும் இத்துணை ஆற்றலை வைத்த இறைவனை வியப்போம்; அவர் தந்த நீரையும் மரத்தையும் வீணாக்காது காப்போம்.